எண்ணெயே தொடக்கூடாதா?

கேள்வி: என் தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய். எங்கோ படித்துவிட்டு ஸ்வாங்க் டயட் என்று எண்ணெயை அறவே விட்டுவிட்டாள், ஆளும் இளைத்துக்கொண்டே போகிறாள். இது சரியா?
- வாசகி, மதுரை

பதில்: பாதி படித்துவிட்டு ஆரம்பித்திருக்கிறார்! ராய் ஸ்வாங்க் என்ற நரம்பியல் மருத்துவர் குறைக்கச் சொன்னது நெய், வெண்ணெய், ஆட்டிறைச்சியில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பைத்தான், அதுவும் நாளைக்கு 15 கிராமுக்குள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்றவற்றில் அதிகமாக இருக்கும் நிறைவுறாக் கொழுப்பை அவர் விலக்கவே இல்லை. 1990இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அவருடைய ஆய்வு 144 பேரை 34 வருடம் கவனித்தது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு உணவு சாப்பிட்ட தனிக் குழு கிடையாது, அதனால் இந்த டயட்டே நோயை நிறுத்திவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த டயட்டும் மருந்துக்கு மாற்றில்லை.

சரி, என்ன சாப்பிடலாம்? கீரை, பருப்பு, முழு தானியம், பழம், வாரம் இரண்டு நாள் மத்தி மீன் குழம்பு, சைவமென்றால் கொஞ்சம் ஆளி விதை. தேங்காய்ப்பால் அளவோடு. வைட்டமின் டி அளவை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லும் அளவில் மட்டும் எடுக்கட்டும், இஷ்டத்துக்கு விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அப்புறம் ஒன்று, இந்த நோயில் அடிக்கடி சிறுநீர் வருகிறதே என்று பலர் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். அதில் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும்தான் மிச்சம். குறைக்க வேண்டியது காபியை. எடை குறைவதை மட்டும் இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள்.