விசாவில் என்ன தொழில் எழுதியிருக்கிறது?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், சவூதியிலும் அபுதாபியிலும் 14 ஆண்டுகள் பைப் வெல்டராக இருந்துவிட்டு, இப்போது காவேரிப்பட்டினத்தில் பட்டறை வைத்திருப்பவர்.

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 25. எட்டாவது முடித்து ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்தேன். நான்கு வருடமாக ஓசூர் சிப்காட்டில் சி.ஓ.டூ வெல்டிங் செய்கிறேன், காண்டிராக்ட் வேலைதான். கிருஷ்ணகிரியில் ஓர் ஏஜென்ட், துபாயில் வெல்டர் வேலை, மாதம் 2,000 திர்ஹாம் என்கிறார். 1,60,000 ரூபாய் கேட்கிறார். என்னுடையது ஈ.சி.ஆர். பாஸ்போர்ட், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் கிளியரன்ஸ் (அனுமதி) வாங்க வேண்டியது. கிளியரன்ஸ் வாங்கினால் இழுத்தடிக்கும், விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். அம்மா நகையை வைத்தால் பணம் புரளும். போகலாமா?
– வாசகர், காரிமங்கலம்

பதில்: தம்பி, நகையை வைக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றது அப்புறம். வெளிநாடு போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டு மாடி, தங்கை கல்யாணம் எல்லாம் அங்கே சம்பாதித்ததுதான். ஆனால் இந்த வழியில் போகாதீர்கள்.

2006-ல் நானும் அம்மா நகையை வைத்துத்தான் போனேன். வெல்டர் வேலை, 1,500 ரியால் என்றார் ஏஜென்ட். விசா அரபியில் இருந்தது, எனக்குப் படிக்கத் தெரியாது. சவூதியில் ஜுபைலில் இறங்கி, இக்காமா, அதாவது அங்கே தங்கி வேலை செய்வதற்கான அட்டை, கையில் வந்த அன்று, கூட இருந்த மலையாளி ஃபோர்மேன் அதை வாங்கிப் பார்த்தார். தொழில் என்ற இடத்தில் விரலை வைத்து, "ஆமில்னு போட்டிருக்கு, லேபர்" என்றார். சம்பளம் 800 ரியால். இரண்டு வருடம் வெல்டர்களுக்குப் பைப் தூக்கிக் கொடுத்தேன், கிரைண்டிங் பிடித்தேன். கையில் தொழில் இருந்தது, காகிதத்தில் இல்லை. எங்கே போய்க் கேட்பது? வட்டி மட்டும் ஊரில் ஏறிக்கொண்டே இருந்தது.

உங்கள் விஷயத்தில் காகிதமே கிடையாது. விசிட் விசாவில் வேலை செய்வது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். சம்பளம் வராவிட்டாலும், கை வெந்தாலும், நீங்கள் அங்கே தொழிலாளியே இல்லை.

ஈ.சி.ஆர். என்பதை ஒரு குறையாக ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். வெல்டர் டிரேடுக்கு எட்டாவது போதும் என்பதால் நம் பக்கத்துப் பையன்கள் பலருக்கும் அந்தப் பாஸ்போர்ட்தான். முதல் முறை போகிறவனுக்கு அது ஒரு காவல் என்றே நான் சொல்வேன். வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, பத்தாவது தேறாதவர்கள் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் கிளியரன்ஸ் வாங்க வேண்டும். எந்த முதலாளி, என்ன வேலை, என்ன சம்பளம் என்று ஒப்பந்தம் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏறினால்தான் அது கிடைக்கும். கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு உண்டு: இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம். அந்த ஏஜென்ட் தாண்டிப் போகச் சொல்வது இதையெல்லாம்தான்.

பணத்துக்கு வருவோம். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாய் வாங்கலாம், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. அவ்வளவுதான் சட்டம். 1,60,000 எந்தக் கணக்கில் வருகிறது என்று அவரையே கேளுங்கள். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இ-மைக்ரேட் தளத்திலேயே இருக்கிறது, அவர் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். "எனக்கு மேலே மும்பையில் ஒருத்தர் லைசென்ஸ் வைத்திருக்கிறார்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 1978-லிருந்து நம் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இயங்குகிறது. அதில் உங்கள் தொழிலைப் பதிந்துவையுங்கள்.

அந்த 2,000 திர்ஹாமில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். அமீரகத்தில் ஓவர்டைம் கணக்கும் அடிப்படையை வைத்துத்தான், வேலையை விட்டு வரும்போது தரும் பணிக்கொடையும் அதை வைத்துத்தான். முதல் ஐந்து வருடத்துக்கு, வருடம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அடிப்படை 900, மீதி அலவன்ஸ் என்று எழுதிவிட்டால் இரண்டிலும் அடிபடும்.

இனி உங்கள் கை. நான்கு வருடம் லைனில் சி.ஓ.டூ அடித்தது வீண் போகாது. ஆனால் ரிஃபைனரிகளில் நல்ல சம்பளம் பைப் வெல்டருக்குத்தான். ஆர்கான் வாயு வெல்டிங்கில் ரூட் (அடியில் ஓடும் முதல் வரி), அதன் மேல் 7018 என்ற ராடில் ஃபில்லிங் (இடையை நிரப்புவது), கேப்பிங் (மேலே மூடுவது). டெஸ்ட் சிக்ஸ் ஜி பொசிஷனில் இருக்கும். பைப்பை 45 டிகிரி சாய்த்துப் பூட்டிவிடுவார்கள், அதைத் திருப்பக் கூடாது, நாம்தான் சுற்றி வர வேண்டும்.

என் பட்டறைக்கு வரும் பையன்கள் எல்லோரும் கேப்பைப் பார்த்துத்தான் சந்தோஷப்படுகிறார்கள், மீன் செதில் மாதிரி வரிவரியாக அழகாக வந்திருக்கிறதென்று. நான் டார்ச் லைட்டை எடுத்துப் பைப்புக்குள் அடிப்பேன். ஆறு மணி இடத்தில், அதாவது அடிவயிற்றில், ரூட் உள்ளே வாங்கிக் குழி விழுந்திருக்கும். டெஸ்ட் எக்ஸ்ரேயில் அங்கேதான் தோற்றுப் போகும். ரூட் ஓட்டும்போது அதன் முனையில் சாவித்துவாரம் போல ஒரு சின்ன ஓட்டை திறந்து நிற்கும், அது மூடாமலும் பெரிதாகாமலும் கம்பியை ஊட்டிக்கொண்டே போக வேண்டும். கழுத்தை ஒடித்துக்கொண்டு அண்ணாந்து அடிக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, அடக்கினால் கை நடுங்கும். இது படிய எனக்கு நான்கு மாதம் ஆனது. இரண்டாவது முறை 2009-ல் இந்த டெஸ்டில் தேறித்தான் போனேன். அப்போது இக்காமாவில் வெல்டர் என்றே இருந்தது.

ஆகவே ஆறு மாதம் ஒதுக்குங்கள். ஓசூர் வேலையை விடாமல், ஞாயிறுகளில் ஆர்கான் பழகுங்கள். ஒப்பந்தத்தில், விசாவில், அங்கே தரும் அட்டையில் மூன்றிலும் ஒரே தொழில் பெயர் இருக்க வேண்டும். அரபியில் இருந்தால், படிக்கத் தெரிந்த ஒருவரிடம் விமானம் ஏறுவதற்கு முன் காட்டுங்கள். காவேரிப்பட்டினம் உங்களுக்குப் பக்கம்தானே, இங்கே கொண்டுவந்தாலும் படித்துச் சொல்கிறேன்.

கேள்வி: என் வீட்டுக்காரர் சவூதியில் ஷட்டரிங் கார்பென்டர். மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. பாஸ்போர்ட்டும் கம்பெனியிடம். வேறு இடத்தில் வேலை இருக்கிறது, கேம்ப்பை விட்டு ஓடிவிடுகிறேன் என்கிறார். பயமாக இருக்கிறது.
– வாசகி, பென்னாகரம்

பதில்: தங்கச்சி, இன்றைக்கே போன் போட்டு ஓட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓடினால் கம்பெனி "ஹுரூப்" போட்டுவிடும், அதாவது ஆள் தலைமறைவு என்று பதிவு. அப்புறம் இக்காமா செல்லாது, சம்பள பாக்கி கேட்கும் பலமும் போய்விடும். என்னோடு தங்கியிருந்த அரூர்க்காரர் ஒருவர் அப்படிப் போய், அப்பா சாவுக்குக்கூட ஊர் வர முடியாமல் தவித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது அங்கேயும் சட்ட விரோதம்தான். பாஸ்போர்ட் நகல், இக்காமா நகல், ஒப்பந்தம், கடைசியாகச் சம்பளம் ஏறிய வங்கிக் குறுஞ்செய்தி, இவற்றைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வெளியுறவுத் துறையின் 'மதத்' தளத்தில் குடும்பத்தினரே புகார் பதியலாம். தளம் புரியவில்லையென்றால் 1800 11 3090 என்ற எண்ணில் பேசுங்கள். திங்கள்கிழமை தருமபுரி கலெக்டர் அலுவலகக் குறைதீர்ப்பு நாளில், அயலகத் தமிழர் நலத் துறைக்கு அனுப்பக் கேட்டு ஒரு மனுவும் கொடுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அவரும் கூட வேலை பார்ப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு இந்தியத் தூதரகத்தில் எழுதிக் கொடுக்கட்டும். தனி ஒருவரின் புகாரைவிட, பத்துப் பேர் கையெழுத்துப் போட்ட காகிதத்துக்கு அங்கே சீக்கிரம் ஆள் வருவார்கள்.