‘அருமையாக இருந்தது’ என்று சொல்லிவிட்டேன், இப்போது மகள் கிளம்புகிறாள்

கேள்வி: எனக்கு வயது 51. பெண்கள் எழுதிய உலகப் பயண அனுபவங்களை வருடக்கணக்காக விடாமல் படிப்பவள். போன வருடம் துணிந்து தனியாகப் போர்ச்சுகலில் லிஸ்பனுக்கும் போர்ட்டோவுக்கும் போய் வந்தேன். படித்ததற்கும் பட்டதற்கும் சம்பந்தமே இல்லை. முதல் சில நாட்கள் அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு. சாயங்காலமானால் காரணமில்லாமல் அழுகை. தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்பட்டு, ரொட்டி வாங்கி வந்து அறையிலேயே தின்றேன். ஒரு நாள் இரவு ஓர் ஆள் இரண்டு தெரு தூரம் பின்னாலேயே வந்தான். மருந்துக்கடை ஒன்றில் நுழைந்து, அவன் போகும்வரை நின்றேன். நல்லதாக நினைவிருப்பது, காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில், மொழி புரியாத ஒரு பாட்டியோடு சிரித்துக்கொண்டிருந்த அரை மணி நேரம்தான். வீட்டில் எல்லோரிடமும் ‘அருமையாக இருந்தது’ என்று சொல்லிவிட்டேன். அதை நம்பி 23 வயது மகள் தனியாகக் கிளம்ப டிக்கெட் பார்க்கிறாள். உண்மையைச் சொன்னால் அவள் அப்பா விடமாட்டார். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் இல்லை. என்ன செய்வது? மற்ற பெண்களுக்கெல்லாம் வாய்த்தது எனக்கு மட்டும் ஏன் வாய்க்கவில்லை?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மகளிடம் சொல்லிவிடுங்கள், ஒன்றுவிடாமல். ஆனால் கூடத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு வேண்டாம். அவளை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விதான் உங்களை அதிகம் அரிக்கிறது என்று தோன்றுகிறது. அதை முதலில் பார்த்துவிடலாம்.

மற்ற பெண்களுக்கு என்ன வாய்த்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் எழுதியதை வைத்துத்தானே. நீங்களும் உங்கள் பயணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? வீட்டில் சொன்ன அதே ‘அருமை’யைத்தான் இரண்டாயிரம் வார்த்தையில் எழுதியிருப்பீர்கள். அதைப் படித்து இன்னொரு ஊரில் இன்னொரு பெண் ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று எனக்குக் கடிதம் போட்டிருப்பாள்.

இப்படி மெருகு போடுவதைப் பொய் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஓர் ஆண் வெளிநாட்டில் பணப்பையைப் பறிகொடுத்தால், திரும்பி வந்து சொல்ல அவனுக்கு ஒரு கதை கிடைக்கிறது. ஒரு பெண் பறிகொடுத்தால், அடுத்த பெண்ணைப் போகவிடாமல் தடுக்க ஒரு சாட்சி கிடைத்துவிடுகிறது. இது தெரிந்த பெண்கள் வாயைக் கட்டுகிறார்கள். அனுமதி என்பது எப்போது வேண்டுமானாலும் கைநழுவிப் போகும் சங்கதி. சவூதி அரேபியாவில் 21 வயது நிறைந்த பெண், ஆண் காப்பாளரின் சம்மதம் இல்லாமல் பாஸ்போர்ட் வாங்கலாம் என்று விதி மாறியதே 2019-இல்தான். சட்டம் குறுக்கே நிற்காத நாடுகளில் அந்தக் காவல் வேலையைக் குடும்பம் பார்த்துக்கொள்கிறது. உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரி போதும்.

நீங்கள் வீட்டில் மறைத்ததற்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். வியன்னாவைச் சேர்ந்த ஈடா ஃபைஃபர் 1842-இல் தன் முதல் நெடும்பயணத்துக்குக் கிளம்பியபோது அவருக்கு வயது 44. பிள்ளைகள் தலையெடுக்கும் வரை காத்திருந்து புறப்பட்டவர். கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) இருக்கும் தோழியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஜெருசலேம், எகிப்து என்று போய்க்கொண்டே இருந்தார். திரும்பி வந்து எழுதிய புத்தகத்தில் தன் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. ‘ஒரு வியன்னாப் பெண்’, அவ்வளவுதான். பிறகு இரண்டு முறை உலகத்தைச் சுற்றினார். பெர்லின் புவியியல் சங்கம் அவரை உறுப்பினராக்கிக் கௌரவித்தது. லண்டன் சங்கம், பெண் என்பதால், சேர்த்துக்கொள்ளவில்லை.

அந்த லண்டன் சங்கம் 1892-இல் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தபோது உள்ளே போனவர்களில் ஒருவர் இசபெல்லா பேர்ட். 1873-இல் அமெரிக்காவின் ராக்கி மலைகளில் குதிரை மேல் தனியாகச் சுற்றியவர். அங்கிருந்து தங்கை ஹென்ரியெட்டாவுக்குக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார். பிற்பாடு அந்தக் கடிதங்கள்தான் புத்தகமாக வந்தன, ஆனால் அப்படியே வரவில்லை. ஜிம் நூஜென்ட் என்று ஒரு வேட்டைக்காரர், குடிகாரர், ஒரு கண் போனவர். அவர் மேல் தனக்கு விழுந்த மயக்கத்தைத் தங்கையிடம் சொன்ன அளவுக்கு ஊருக்குச் சொல்லவில்லை, வெட்டிவிட்டார். ஊருக்கு ஒரு பயணம், தங்கைக்கு ஒரு பயணம் என்று அவரிடம் இரண்டு இருந்தன. நீங்கள் இத்தனை வருடமாகப் படித்து வந்ததெல்லாம் ஊருக்கு எழுதிய பிரதிகள். அதோடு உங்கள் அறைக்குள் நடந்ததை ஒப்பிட்டுப் பார்த்தால் நீங்கள் தோற்றுத்தான் போவீர்கள்.

இவர்களுக்கும் முன்னால் உலகத்தைச் சுற்றிய முதல் பெண் என்று அறியப்படும் ஜான் பாரே, 1766-இல் ஆண் வேடத்தில், ஒரு தாவரவியலாளரின் உதவியாளாகப் பிரெஞ்சுக் கப்பலில் ஏறியவர். அந்தப் பயணம் எப்படி இருந்தது என்று அவர் எழுதி வைத்தது ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் பெண் என்பது எங்கே, எப்படி வெளிப்பட்டது என்பதையே கூட இருந்த ஆண்கள் ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் சொல்லிக் கேட்க எனக்கு ரொம்ப ஆசை. போகட்டும்.

இனி உங்கள் பயணத்துக்கு வருவோம். அந்தச் சாயங்கால அழுகையில் பாதி உங்களுடையதே இல்லை, விமானத்துடையது. நேரம் மாறிய இடத்துக்குப் போனால் உடம்புக் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். மேற்கே பறந்து போனவர்களுக்கு இருட்டுவதற்குள் தூக்கம் தள்ளும், விடியுமுன் கண் விழித்துக்கொள்ளும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான். தூக்கம் கெட்ட உடம்போடு, யாரும் தெரியாத ஊரில், வெளிச்சம் மங்கும் நேரத்தில் அறையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கல்லும் அழும். மேற்கே போனவர்கள் அந்த நேரத்தில்தான் வெளியே வெயில்பட நடக்க வேண்டும். கடிகாரம் சீக்கிரம் நகரும். முதல் இரண்டு மூன்று நாளில் எந்த முடிவும் எடுக்கக்கூடாது, ‘ஏன் வந்தோம்’ என்ற கேள்வி உட்பட.

சாப்பாட்டு விஷயம் கூச்சம்தான், வேறொன்றும் இல்லை. வெளியே உட்கார்ந்து சாப்பிடுவதை மதியத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. பகலில் தனியாகச் சாப்பிடுகிற ஆட்கள் நிறையப் பேர் இருப்பார்கள், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். தினம் ஒரு புது இடம் தேடாமல் ஒரே கடைக்குப் போவதும் உதவும். மூன்றாவது முறை போகும்போது கடைக்காரர் தலையசைப்பார். தனியாகப் போன பெண்ணுக்கு அந்தத் தலையசைப்பு எவ்வளவு பெரிது என்று போனவர்களுக்குத்தான் தெரியும்.

பின்னால் வந்த ஆளைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். நீங்கள் ஓடவில்லை. அவன் பின்னால் வரும்போது தங்கியிருந்த இடத்துக்குப் போகவில்லை, அப்படிப் போயிருந்தால் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்ததாக ஆகியிருக்கும். வெளிச்சமும் ஆளும் இருந்த கடைக்குள் நுழைந்தீர்கள். அவன் போகும்வரை வெளியே வரவில்லை. இந்த மாதிரி நேரத்தில் செய்யவேண்டியது எதையும் நீங்கள் விடவில்லை. யாரும் சொல்லித் தராமல், பாஷை தெரியாத ஊரில், பயத்தோடு செய்திருக்கிறீர்கள். இதையா மகளிடமிருந்து ஒளிக்கப் பார்க்கிறீர்கள்? அவளுக்குக் கொடுக்க உங்களிடம் இதைவிட உருப்படியான பொருள் ஏதாவது இருக்கிறதா?

அதனால் அவளிடம் சொல்லும்போது ‘ஜாக்கிரதையாக இரு’ என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் பிள்ளைகள் காதை மூடிக்கொள்வார்கள். எந்த மணிக்கு, தெரு எப்படி இருந்தது, அவன் பின்னால்தான் வருகிறான் என்று எப்போது உறைத்தது, உள்ளே போனதும் கடையில் இருந்தவரிடம் எப்படிப் புரியவைத்தீர்கள் என்று நடந்தது நடந்தபடி சொல்லுங்கள். அவள் குறுக்கே கேள்வி கேட்பாள், கேட்கட்டும்.

கணவர் இருக்கும்போது ஏன் வேண்டாம் என்றால், அவர் கெட்டவர் என்பதற்காக அல்ல. அவர் முன்னால் சொன்னால் அந்தக் கணமே பேச்சு ‘அவள் போகலாமா கூடாதா’ என்று மாறிவிடும். அப்புறம் நீங்கள் நடந்ததைச் சொல்லமாட்டீர்கள், வாதாடத் தொடங்கிவிடுவீர்கள். முதலில் மகளிடம் முழுசாகச் சொல்லி முடியுங்கள். அப்பாவிடம் எதை, எப்படிச் சொல்வது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளலாம். 23 வயதுக்காரி, அந்தப் பேச்சில் அவளுக்கும் பங்கு உண்டு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவரிடமும் பின்னால் சொல்லத்தான் செய்வேன். எங்கிருந்தோ அவர் காதுக்குப் போவதைவிட அது மேல்.

அந்தத் துணி துவைக்கும் கடையையும் விட்டுவிடாதீர்கள். எதைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. எந்த ஓட்டையில் சோப்புத்தூள், எந்தப் பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கும் என்று அந்தப் பாட்டி கையாலேயே காட்டியிருப்பார், நீங்கள் தப்பாக அழுத்தியிருப்பீர்கள், அப்படித்தான் ஏதோ. காட்சி இடம் ஒன்றைக்கூட எனக்கு எழுதத் தோன்றாத நீங்கள் இதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பயணம் தன்னை மாற்றிவிட்டது, தன்னைக் கண்டெடுத்தேன் என்றெல்லாம் எழுதுகிறவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன். மொழி தெரியாத ஒருவரோடு அரை மணி நேரம் சிரித்தேன் என்றால் உடனே நம்பிவிடுவேன்.

திரும்பவும் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். போவதாக இருந்தால் இரண்டு ஊர் வேண்டாம், ஒரே ஊரில் தங்குங்கள். தனிமை ரொம்பவும் அழுத்துகிறது என்றால், பெண்கள் மட்டும் சேர்ந்து போகும் சிறு குழுக்கள் எத்தனையோ இருக்கின்றன. அதில் சேர்வதால் உங்கள் துணிச்சல் ஒன்றும் குறைந்துவிடாது.

மகள் எந்த ஊருக்கு டிக்கெட் பார்க்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. எந்த ஊரானாலும், பகலில் போய் இறங்குகிற விமானமாகப் பார்க்கச் சொல்லுங்கள். நடுராத்திரியில் இறங்குவதுதான் மலிவாகக் கிடைக்கிறது என்றால், முதல் இரவுக்கு மட்டும் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறை போட்டுவிட்டு, விடிந்த பிறகு ஊருக்குள் போகட்டும்.