சோளத்தில் யார் பெரிய ஆள்? கேள்வி பதில்

சோள ஆராய்ச்சியிலும் சாகுபடியிலும் பேர் சொல்லும்படியான ஆட்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மக்காச்சோளம் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும். அது வேறு பயிர், வேறு கூட்டம்.

ஐயா, சோளத்தில் ஒரே ஒரு பெயர்தான் சொல்லலாம் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

யோசிக்கவே வேண்டாம் தம்பி, கெபிசா எஜேட்டா. எத்தியோப்பியாவில் பிறந்தவர், அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர். 2009இல் உலக உணவுப் பரிசு வாங்கினார். பரிசுக்காகச் சொல்லவில்லை. இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் சூடானில் வேலை பார்த்தபோது ஹஜீன் துரா-1 என்ற வீரிய ஒட்டு ரகத்தை உருவாக்கினார். 1983இல் வெளியானது, வறட்சியைத் தாங்கியது. அதுவரைக்கும் சரி, ரகம் வெளியிட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவர் விதையை யார் உற்பத்தி செய்வது, யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். ஒட்டு ரகத்துக்கு வருஷா வருஷம் புது விதை வேண்டும். அது கிடைக்காவிட்டால் எவ்வளவு நல்ல ரகமானாலும் ஆராய்ச்சி நிலையத்துக்குள்ளேயே கிடக்கும். 1999 வாக்கில் சூடானில் 10 லட்சம் ஏக்கரில் அந்த ரகம் நின்றது என்றால் பாதிக் காரணம் விதை ஏற்பாடுதான்.

யாரையாவது நிபுணர் என்று சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அவர் விதை யார் வயலில் இருக்கிறது?

சுடுமல்லிக்கு மருந்து கண்டுபிடித்தவரும் அவர்தானா?

மருந்து இல்லை, எதிர்ப்புத் திறன். ஸ்ட்ரைகா என்கிற சுடுமல்லி, பயிரின் வேரில் ஒட்டி உறிஞ்சும் களை. பூ அழகாகத்தான் இருக்கும், அதை நம்பாதீர்கள். அது மண்ணுக்கு மேலே தலை காட்டும்போது சேதம் பெரும்பாலும் முடிந்திருக்கும். விதை தூசி மாதிரி, மண்ணில் பல வருஷம் சும்மா கிடக்கும். சோளத்தின் வேர் விடுகிற ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருள்தான் அதை எழுப்பிவிடுகிறது. அந்தச் சமிக்ஞை பலவீனமாக இருக்கும் சோள வகைகளை எஜேட்டா குழு தேடிப் பிடித்தது. வறட்சியையும் சுடுமல்லியையும் சேர்த்துத் தாங்கும் ரகங்களின் விதை 1994இல் 8 டன் அளவுக்கு ஆப்பிரிக்க விவசாயிகளிடம் போனது. சுடுமல்லியைத் தாங்கும் திறனுக்குக் காரணமான எல்ஜிஎஸ்1 மரபணுவை அவர் குழு வெளியிட்டது 2017இல்தான். விதை முன்னால் போய், விளக்கம் பின்னால் வந்திருக்கிறது.

சோளப் பூவில் ஆண், பெண் இரண்டும் ஒன்றாக இருக்கிறதே, ஒட்டு விதையை எப்படிப் பெருவாரியாக எடுக்கிறார்கள்?

நல்ல கேள்வி. மக்காச்சோளத்தில் ஆண் பூங்கொத்தை ஒடித்துவிட்டால் வேலை முடிந்தது. சோளத்தில் அது நடக்காது. கதிரின் நுனியில் பூக்க ஆரம்பித்து சில நாளில் அடிவரை இறங்கும். ஒவ்வொரு பூவிலும் மகரந்தப் பையைக் கிள்ளிக்கொண்டிருக்க முடியுமா? 1954இல் டெக்சாஸில் ஸ்டீஃபன்ஸும் ஹாலண்டும் வழி காட்டினார்கள். மைலோ என்ற சோள வகையின் சைட்டோபிளாசத்துக்குள், அதாவது செல்லில் உட்கருவைச் சுற்றியுள்ள பகுதிக்குள், கஃபிர் என்ற இன்னொரு வகையின் மரபணுக்கள் வந்து சேர்ந்தால் மகரந்தம் உருவாகாது என்று கண்டார்கள். இப்போதும் விதை வயலில் போய்ப் பாருங்கள், ஆண் மலட்டுச் செடியின் பைகள் சுருங்கி வெளிறிப் போயிருக்கும், தட்டினால் தூள் கொட்டாது. பக்கத்து வரிசைச் செடி காற்றில் மகரந்தம் கொடுக்கும். அடுத்த சில ஆண்டுகளிலேயே அமெரிக்கச் சோள நிலத்தின் பெரும்பகுதி ஒட்டு விதைக்கு மாறிவிட்டது.

அதே டெக்சாஸ் கூட்டத்தில் ஜே. ராய் குயின்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோளத்தின் உயரத்தையும் பூக்கும் காலத்தையும் நிர்ணயிக்கும் மரபணுக்களைச் சக ஆய்வாளர் கார்பருடன் சேர்ந்து பிரித்துக் காட்டியவர். அந்த அறிவு இல்லாமல், 1963இல் தொடங்கிய 'மாற்றும் திட்டம்' நடந்திருக்காது. ஆப்பிரிக்க, ஆசிய நாட்டுச் சோளங்கள் ஆளை விட உயரமாக வளரும், பகல் குறுகினால்தான் பூக்கும். அவற்றைப் போர்ட்டோ ரிக்கோவில் கலப்பு செய்து, டெக்சாஸில் தேர்வு செய்து, குட்டையாக, நேரத்துக்குப் பூப்பதாக மாற்றினார்கள். நவீன ரகங்களின் வம்சாவளியைக் கிளறினால் பெயர் தெரியாத எத்தியோப்பிய, சூடானிய விவசாயிகள்தான் கடைசியில் நிற்பார்கள்.

இந்தியாவில்?

ஒட்டுச் சோள ஆராய்ச்சியில் பேர் எடுத்த என்.ஜி.பி. ராவ். 1964இல் வெளியான சிஎஸ்எச் 1 நாட்டின் முதல் ஒட்டுச் சோளம். அதற்கு முன்பே கோயம்புத்தூரில் சிறுதானிய நிபுணராக இருந்த ஜி.என். ரங்கசாமி அய்யங்கார் சோள மரபியலில் அடிப்படை வேலை நிறையச் செய்திருக்கிறார். ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் 1972இல் வந்த இக்ரிசாட்டின் மரபணு வங்கியில் 40,000க்கு மேல் சோள மாதிரிகள் இருக்கின்றன.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குறுகிய கால ஒட்டு ரகங்கள் மழைக்காலத்திலேயே முற்றின, மணியில் பூஞ்சாணம் ஏறியது, தரம் கெட்டது. குளிர்காலப் பயிரிலோ, மகாராஷ்டிரத்தில் மோகோல் நிலையத்தில் தேர்ந்தெடுத்த எம் 35-1 என்ற பழைய மால்தண்டி ரகத்தை ஒட்டு ரகங்களால் இன்னும் அசைக்க முடியவில்லை. முத்து மாதிரி மணி, நல்ல தட்டை. விவசாயிக்கு இரண்டும் வேண்டும்.

தண்டில் சாறு இருக்கிறதா என்று வெட்டாமல் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். இலையின் நடு நரம்பைப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் பெரும்பாலும் நெட்டி, காய்ந்த தண்டு. மங்கிய பச்சையாக இருந்தால் சாறு.

விஞ்ஞானிகளையே சொல்கிறீர்கள். விவசாயிகளில் தலைவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2008இல் அமைந்த சோர்கம் செக்ஆஃப் அதற்கு உதாரணம். டெக்சாஸின் லபக்கில் அலுவலகம். தானியச் சோளம் விற்ற மதிப்பில் 0.6 சதவீதத்தை விவசாயிகளே கொடுக்கிறார்கள். அதை ஆராய்ச்சிக்கும் சந்தைக்கும் எப்படிச் செலவிடுவது என்று முடிவு செய்கிற 13 பேரும் சோளம் போடுகிறவர்கள். காசு கொடுத்தவன் கேள்வி கேட்பான். அது ஆராய்ச்சியாளருக்கு நல்லது.

பெரிதாகப் பேசப்பட்டு ஒன்றும் ஆகாமல் போன கண்டுபிடிப்பு உண்டா?

உண்டு. 1973இல் பர்டூவில் ராமேஷ்வர் சிங்கும் ஜான் ஆக்ஸ்டெலும் புரதத்தில் லைசின் என்ற சத்து அதிகமுள்ள எத்தியோப்பியச் சோளங்களைக் கண்டார்கள். சத்துக் குறைவுக்கே விடிவு என்ற பேச்சு எழுந்தது. ஆனால் மணி சுருங்கியிருந்தது, எடை குறைவு. எடை குறைந்தால் யார் போடுவார்கள்? இருந்தும் ஆக்ஸ்டெலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எஜேட்டா அவருடைய மாணவர்.

பெரிய நாடு, பெரிய பல்கலைக்கழகம் இல்லாத இடத்திலிருந்து யாராவது?

ஹைட்டியின் சோள ஆய்வாளர் கயேல் பிரெஸ்வார். ஒரு வகை அசுவினி 2013இல் அமெரிக்காவில் சோளத்தைத் தாக்க ஆரம்பித்து, பின்னர் ஹைட்டியின் பயிரை நாசம் செய்தது. இலையின் அடியில் கூட்டமாக அப்பிக்கொள்ளும், தேன் மாதிரி ஒட்டும் கழிவு கீழ் இலைகளில் வடியும். தன் இனப்பெருக்கச் செடிகளில் தப்பிப் பிழைத்தவற்றைப் பொறுக்கி, எதிர்ப்பு ரகத்தை அவர் குழு வயலுக்குக் கொண்டுவந்தது. காப்பாற்றிய மரபணு ஆர்எம்இஎஸ்1 என்று 2022இல் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து எழுதினார்கள். இங்கும் விதைதான் முதலில் போனது.