திட்டமிடலும் எஸ்டிமேட்டும் கற்பிப்பவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இந்தப் பாடத்தை முதல்முறையாக எடுக்கிறேன். முதல் வகுப்பிலேயே மென்பொருளைத் திறந்து பார் சார்ட் (வேலைகளை நாள்வாரிப் பட்டைகளாகக் காட்டும் படம்) போடச் சொல்லலாமா? மாணவர்கள் அதைத்தான் ஆவலோடு கேட்கிறார்கள்.

பதில்: வேண்டாம். எந்த எண்ணைப் போட்டாலும் மென்பொருள் அழகாகப் பட்டை வரைந்துவிடும். எண் தவறு என்பது அந்த அழகில் தெரியாது. கடைசி இரண்டு வாரத்துக்கு அதை ஒதுக்குங்கள்.

முதலில் வேலையைப் பிரிக்கக் கற்றுக்கொடுங்கள். ஒரு சிறு இரும்பு நடைபாலத்தைக் கொடுத்து, துண்டுச் சீட்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். மேல் அடுக்குகளில் பொருளின் பெயர்தான் வர வேண்டும்: ‘அடித்தளம்’, ‘தளப்பலகை’, ‘கைப்பிடி’. ‘தோண்டுதல்’, ‘வெல்டிங்’ போன்ற செயல்கள் அடி அடுக்கில் வரும். எதுவரை பிரிப்பது? ஒருவர் பொறுப்பேற்க முடிய வேண்டும், முடிந்ததா இல்லையா என்று அளந்து சொல்ல முடிய வேண்டும். அதற்கு மேல் பிரித்தால் காகிதம்தான் பெருகும்.

ஒட்டி முடித்ததும் சுவரில் எவையெல்லாம் இல்லை என்று பாருங்கள். வரைபட ஒப்புதல், பொருள் வந்து சேரும் காத்திருப்பு, சோதனை, ஒப்படைப்பு ஆகியவை பெரும்பாலும் விடுபட்டிருக்கும். கான்கிரீட் இறுகும் நாள்களும்தான். அந்த நாள்களில் ஆள் பெரிதாகத் தேவையில்லை, ஆனால் நாள்காட்டி நகரும். ஆளை மட்டும் எண்ணுகிறவர்கள் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

கேள்வி: கிரிட்டிக்கல் பாத், அதாவது திட்டத்தின் மொத்த நாளைத் தீர்மானிக்கும் மிக நீண்ட வழி, அதன் கணக்கைச் சரியாகப் போடுகிறார்கள். ஆனால் மொத்த ஃபுளோட்டுக்கும் (திட்டத்தின் முடிவு தள்ளாமல் ஒரு வேலை தாமதிக்கக்கூடிய நாள்) தனி ஃபுளோட்டுக்கும் (free float: அடுத்த வேலையின் தொடக்கம்கூடத் தள்ளாமல் தாமதிக்கக்கூடிய நாள்) வித்தியாசம் கேட்டால் விழிக்கிறார்கள்.

பதில்: வரையறையை மனப்பாடம் செய்ய வைத்தால் அப்படித்தான் ஆகும். ஐந்தே வேலைகள் போதும். ‘அ’ 3 நாள். அதன்பின் ஒரு பக்கம் ‘ஆ’ 5 நாள். மறுபக்கம் ‘இ’ 2 நாள், அதைத் தொடர்ந்து ‘ஈ’ 1 நாள். ‘ஆ’, ‘ஈ’ இரண்டும் முடிந்தபின் ‘உ’ 4 நாள். முன்னோக்கிப் போனால் மொத்தம் 12 நாள்; அ–ஆ–உ கிரிட்டிக்கல். ‘இ’, ‘ஈ’ இரண்டுக்கும் மொத்த ஃபுளோட் 2 நாள். ஆனால் ‘இ’-யின் தனி ஃபுளோட் பூஜ்யம், ‘ஈ’-யினுடையது 2.

இப்போது கேளுங்கள்: ‘இ’ செய்பவர் “எனக்கு 2 நாள் இருக்கிறது” என்று உட்கார்ந்துவிட்டால்? ‘ஈ’-க்கு மிச்சம் எதுவும் இல்லை. மொத்த ஃபுளோட் என்பது ஒரு வரிசைக்கே பொதுவான சேமிப்பு. முதலில் வருகிறவர் செலவழித்துவிடலாம். இது விளங்கியதும் அடுத்த கேள்வி: கூடுதல் ஆள் போட்டு ‘ஆ’-வை 5-லிருந்து 2 நாளாக்கினால் எத்தனை நாள் மிச்சம்? பலர் 3 என்பார்கள். விடை 2. ஏனென்றால் மறுவழி 10 நாள். அது இப்போது கிரிட்டிக்கல் ஆகிவிட்டது. மூன்றாவது நாளைக் குறைக்கக் கொடுத்த கூலி வீண்.

கேள்வி: சுவர் அளவெடுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு விடை வருகிறது.

பதில்: மூலையில்தான் தகராறு. உள்ளளவு 5 × 4 மீட்டர், சுவர் 0.3 மீட்டர் என்று எடுங்கள். உட்சுற்று 18 மீட்டர், வெளிச்சுற்று 20.4, மையக்கோடு 2 × (5.3 + 4.3) = 19.2. உட்சுற்றில் மூலைகள் விடுபடுகின்றன, வெளிச்சுற்றில் இரட்டிப்பாகின்றன. மூன்றையும் கரும்பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினால் சச்சரவு முடியும். உயரம் 3 மீட்டர் என்றால் மையக்கோட்டின்படி 17.28 கன மீட்டர். கதவு, ஜன்னலைக் கழிக்க வேண்டும். நடுவில் ஒரு குறுக்குச்சுவர் வந்து முட்டும்போது, ஒவ்வொரு முட்டுக்கும் மையக்கோட்டு நீளத்தில் சுவர் கனத்தில் பாதியைக் கழிக்க மறக்கிறார்கள். இரு முனையும் முட்டினால் 0.3 மீட்டர்.

கேள்வி: ரேட் அனாலிசிஸில், அதாவது ஓர் அலகு வேலைக்கு என்ன விலை என்று கணக்கிடுவதில், அடிக்கடி வரும் பிழைகள் என்ன?

பதில்: இரண்டைச் சொல்கிறேன். முதலாவது, 1:2:4 கான்கிரீட் (ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு மணல், நான்கு ஜல்லி). கலந்து கெட்டியான 1 கன மீட்டருக்கு உலர்ந்த பொருள் சுமார் 1.54 கன மீட்டர் வேண்டும். ஜல்லியின் இடைவெளிகளை மணலும் சிமெண்டும் நிரப்பிக்கொள்வதுதான் காரணம். 1.54-ஐ 7-ஆல் வகுத்தால் சிமெண்ட் 0.22 கன மீட்டர், ஒரு கன மீட்டர் சிமெண்டின் எடையான 1440 கிலோவால் பெருக்க ஏறத்தாழ 317 கிலோ. மணல் 0.44, ஜல்லி 0.88 கன மீட்டர். 1.54-ஐ மறந்தவருக்கு 206 கிலோதான் வரும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துண்டு விழும்.

இரண்டாவது, லாபம். அடக்கம் 100. அடக்கத்தின் மேல் 20 சதவீதம் என்றால் விலை 120. விலையில் 20 சதவீதம் லாபம் என்றால் 125. எதைச் சொல்கிறோம் என்று எழுதாத எஸ்டிமேட்டுக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் மின்னணுத் துறை. எங்கள் மாணவர் திட்டங்களுக்கு, எந்த வேலைக்கு எவ்வளவு என்று பார்க்க ரேட் புத்தகமே கிடையாது. நேரத்தை எப்படி மதிப்பிடுவது?

பதில்: மூன்று மதிப்பு முறை உங்களுக்கு உதவும். 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக வந்த பெர்ட் முறையின் பகுதி இது. எல்லாம் கூடிவந்தால் 4 நாள், வழக்கமாக 6, சொதப்பினால் 14 என்றால் (4 + 4×6 + 14) ÷ 6 = 7 நாள். மாணவர் 6 என்றே எழுதியிருப்பார். அந்த ஒரு நாள் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பாடம். 14-ஐக் கேட்கும்போது “கொஞ்சம் தாமதமானால்” என்று கேட்காதீர்கள். “சர்க்யூட் போர்டில் தடம் தவறிப்போய் மறுபடி ஆர்டர் செய்தால்” என்று கேளுங்கள். எண் சட்டென்று மாறும்.

இன்னொன்று. ஒன்றையொன்று சாராத இரு வழிகள் ஓரிடத்தில் சேர்கின்றன, ஒவ்வொன்றும் நேரத்துக்கு முடிய 50 சதவீத வாய்ப்பு என்றால், இரண்டும் முடிய 25 சதவீதம்தான். பெர்ட் கிரிட்டிக்கல் பாத்தை மட்டும் பார்ப்பதால் இது அதில் தெரியாது.

கேள்வி: கருத்துருக் கட்டத்திலேயே பைசா சுத்தமாக எஸ்டிமேட் தருகிறார்கள். பாராட்டுவதா?

பதில்: மதிப்பெண்ணைக் குறையுங்கள். அந்தக் கட்டத்தில் உண்மைச் செலவு பாதியாகவோ இரட்டிப்பாகவோகூட வரலாம். ஆலை போன்றவற்றுக்கு அடுக்கு 0.6 விதியைக் காட்டுங்கள், அதாவது செலவு கொள்ளளவின் 0.6 அடுக்காகக் கூடும்: கொள்ளளவு இரட்டித்தால் செலவு சுமார் 1.5 மடங்கு. இது தோராயம்தான், ஒரே மாதிரியான ஆலைகளுக்கு மட்டுமே பொருந்தும். முதல் மூன்று இலக்கத்துக்குப் பின் வருவதெல்லாம் பூஜ்யமாக இருக்கட்டும், பக்கத்தில் வீச்சை, அதாவது குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: எப்படி மதிப்பெண் போடுவது? ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிடுகிறார்களே.

பதில்: கடைசித் தொகைக்குக் குறைவாகவும், அனுமானத் தாளுக்கு அதிகமாகவும் போடுங்கள். எந்த வரைபடம், எந்தத் தேதி விலை, சேதாரம் எவ்வளவு, எதைச் சேர்க்கவில்லை என்று அதில் இருக்க வேண்டும். பாதி பருவத்தில் வரைபடத்தை மாற்றுங்கள்: ஜன்னலைக் கூட்டுங்கள், ஒரு சுவரை நகர்த்துங்கள். பின் தாள்களைக் குழு மாற்றிக் கொடுத்து, அடுத்த குழுவின் எஸ்டிமேட்டைத் திருத்தச் சொல்லுங்கள். காப்பியடித்த தாளில் எந்த எண் எங்கிருந்து வந்தது என்று எழுதியவருக்கே தெரியாது. அதைத் திருத்த வந்த குழு பத்து நிமிடத்தில் உங்களிடம் புகாரோடு வந்து நிற்கும்.