15 பாகையில் பீஎச் 7.17 என்றாலும் நீர் நடுநிலையே

நுவரெலியாக் காலைக் குளிரில், 15 பாகை செல்சியசில், தூய நீரின் பீஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7.17 ஆனாலும் அது நடுநிலையே என்று கணித்து, ஆய்வுகூடப் பீஎச் மானி காய்ச்சி வடித்த நீருக்கு 5.8 காட்டியது ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் கணிப்பு சரியானது: பீஎச் 7.17 ஆக இருப்பதால் அந்த நீர் மூலமாகிவிடாது, அதாவது காரத் தன்மை பெற்றுவிடாது. ஐதரசன் அயனும் ஐதரொட்சைட்டு அயனும் சமமாக இருப்பதே நடுநிலை. 7 என்பது 25 பாகைக்கு உரிய எண். நீர் அயனாவது வெப்பத்தை உறிஞ்சும் தாக்கம் என்பதால், நீங்கள் குறிப்பிடும் நுவரெலியாக் காலைக் குளிரில் இரு அயன்களும் ஒருசேரக் குறைந்து, லீற்றருக்கு 6.7 × 10⁻⁸ மூல் வீதம் நிற்கின்றன. உயர்தரப் பரீட்சை விடையில் வெப்பநிலையைச் சொல்லாமல் “நடுநிலை என்றால் 7” என்று எழுதுவது போதாது என்பதே என் உறுதியான கருத்து.

ஆய்வுகூட மானி 5.8 காட்டியது வேறு விடயம். திறந்த முகவையில் இருந்த காய்ச்சி வடித்த நீரில் காற்றின் காபனீரொட்சைட்டு கரைந்து காபோனிக்கமிலம் உண்டாகியிருப்பதே பெரும்பாலும் காரணம். அதே நீரைச் சில நிமிடம் கொதிக்கவைத்து, குடுவையின் கழுத்துவரை நிரப்பி இறுக மூடி, குளிர்ந்ததும் திறந்து உடனே அளந்து பாருங்கள். வாசிப்பு 7ஐ நோக்கி ஏறினால் காரணம் அதுவே.

ஆனால், தூய நீரில் அயன்கள் மிகக் குறைவாதலால் வாசிப்பு அலைந்துகொண்டே இருக்கும். சிறிதளவு தூய பொற்றாசியங் குளோரைட்டு சேர்த்தால் ஓரளவு நிலைபெறும். மானியின் வெப்பநிலைத் திருத்தம் மின்வாய்க்கு (நீரில் அமிழ்த்தும் உணரிக்கு) உரியதே தவிர, நீரின் சமநிலையை 25 பாகைக்கு மாற்றித் தராது.