அட்டைப்படம் வாங்குமுன் பின்பக்கம் பாருங்கள்

கே: பழைய ஃபேஷன் பத்திரிகை அட்டைப்படத்தின் அசல் பிரிண்ட் (நெகட்டிவிலிருந்து போட்டோ பேப்பரில் போட்டது) என்று ஒருவர் விற்கிறார். அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பவரின் கன்னத்தில், நிழல் விழும் இடத்தில் பாருங்கள். வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு இயந்திரத்தில் வந்தது. பத்திரிகை அட்டையையே கத்தரித்து ஃபிரேம் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் போஸ்டர். அதுவும் அழகுதான், தாராளமாக மாட்டிக்கொள்ளுங்கள். போட்டோ பிரிண்டின் விலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

புள்ளி இல்லையா? சரி, திருப்பிப் பாருங்கள். எனக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில்தான் நம்பிக்கை. கையெழுத்து, ஸ்டுடியோ முத்திரை, எத்தனையில் எத்தனையாவது பிரதி என்ற எண் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஃபிரேமைக் கழற்ற மாட்டேன் என்று விற்பவர் அடம்பிடித்தால் கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்று, போட்டோ பேப்பரில் வெண்மையூட்டும் ரசாயனம் பரவலாகச் சேர்ந்தது 1950களில். 1930களின் பிரிண்ட் என்று சொல்லப்படுவது புற ஊதா விளக்கில் நீலமாகப் பளிச்சிட்டால் சந்தேகப்படுங்கள். பளிச்சிடவில்லை என்பதற்காக நம்பியும் விடாதீர்கள். அந்த ரசாயனம் இல்லாத பேப்பர் பிற்பாடும் வந்தது.

கே: படம் எடுத்துப் பல வருடம் கழித்துப் போட்ட பிரிண்ட் என்றால் போலியா?

ப: இல்லவே இல்லை. ஃபேஷன் புகைப்படக்காரர் இர்விங் பென்னைப் பாருங்கள். வோக் என்ற ஃபேஷன் பத்திரிகையின் 1950 ஏப்ரல் அட்டைக்கு மாடல் ஜீன் பாட்செட்டைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். வோக் அட்டையில் கலர் புகைப்படம் வந்து அப்போதே கிட்டத்தட்ட 18 வருடம் ஆகியிருந்தது (1932 ஜூலை, எட்வர்ட் ஸ்டைக்கன் எடுத்த நீச்சலுடைப் பெண்). ஊரே கலரில் இருக்கும்போது கறுப்பு வெள்ளைக்குத் திரும்பிய அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்! 1960களில் பென் பிளாட்டினம் பிரிண்ட் முறையில் (வெள்ளிக்குப் பதில் பிளாட்டினத்தால் படம் வரவைக்கும் முறை) இறங்கி, பழைய நெகட்டிவ்களைத் தன் மேற்பார்வையில் மறுபடி பிரிண்ட் போட்டார். அவற்றைச் சேகரிப்பவர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். பொதுவாக, எடுத்த காலத்தை ஒட்டிப் போட்ட பிரிண்டுக்கே மதிப்பு அதிகம். பென் மாதிரி ஆட்களிடம் அந்தக் கணக்கு அப்படியே செல்லாது. எடுத்த வருடம், பிரிண்ட் போட்ட வருடம் இரண்டையும் விற்பவர் எழுதித் தர வேண்டும். ஒன்றை மறைத்தால்தான் வில்லங்கம்.

கே: ஒரு கண், உதடு, மச்சம் மட்டும் தெரியும் அட்டை யாருடையது?

ப: புகைப்படக்காரர் எர்வின் புளூமென்ஃபெல்ட் எடுத்தது. வோக், 1950 ஜனவரி. மாடல் அதே பாட்செட். எடுத்தது கறுப்பு வெள்ளையில்தான். மூக்கு உட்பட மற்றதையெல்லாம் வெளுக்கவிட்டு, மிஞ்சியதற்கு வண்ணம் ஏற்றினார்.

கே: பிரிண்டை எங்கே மாட்டலாம்?

ப: வெயில் படாத சுவரில். கலர் பிரிண்ட் என்றால் இன்னும் கவனம் வேண்டும், வெளிறிவிடும். படம் கண்ணாடியில் ஒட்டாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவே, படம் தெரியும்படி ஜன்னல் போல வெட்டிய அமிலமில்லாத அட்டை வைத்து ஃபிரேம் போடச் சொல்லுங்கள்.