பாரசீகமா, ஈரானா? வாசகர் கேள்விகள்

கேள்வி: பாரசீகம் என்ற நாடுதான் பிற்காலத்தில் ஈரான் என்று பெயரை மாற்றிக்கொண்டதா?

பதில்: மாற்றிக்கொண்டது வெளியார்தான். அந்நாட்டு மக்கள் பல நூற்றாண்டுகளாகத் தங்கள் நாட்டை ஈரான் என்றே சொல்லி வந்தார்கள். மற்ற நாடுகளும் அப்படியே எழுத வேண்டும் என்று 1935-ல் ரேசா ஷாவின் அரசு கேட்டுக்கொண்டது. 'பார்ஸா' என்பது தெற்கேயுள்ள ஒரு மாகாணம்; இன்றைய ஃபார்ஸ், ஷிராஸ் நகரம் இருக்கும் பகுதி. அங்கிருந்து எழுந்த அரசர்களைப் பார்த்துக் கிரேக்கர்கள் மாகாணத்தின் பெயரைப் பேரரசுக்கே வைத்துவிட்டார்கள்.

கேள்வி: 'நாம் ஈரானியர்' என்ற எண்ணம் எப்போது பிறந்தது?

பதில்: இதற்கு நக்‌ஷ்-இ-ருஸ்தம் என்ற, ஃபார்ஸ் மாகாணத்திலுள்ள குன்றுக்குப் போக வேண்டும். கி.மு. 522 முதல் 486 வரை ஆண்ட பாரசீகப் பேரரசர் முதலாம் தாரியஸின் கல்லறை அங்கே பாறை முகத்தில் குடையப்பட்டிருக்கிறது. அதன் கல்வெட்டில் அவர் தம்மை அகாமனியன் (அது அவருடைய அரச குலம்), பாரசீகன், பாரசீகனின் மகன், ஆரியன், ஆரிய வித்து என்று படிப்படியாக விரித்துச் சொல்கிறார். குலம், அதற்கு வெளியே இனம், அதற்கும் வெளியே பெரிய உறவு வட்டம். 'ஈரான்' என்ற பெயர் பிறந்தது இந்த 'ஆரிய' என்ற சொல்லிலிருந்துதான். இந்த 'ஆரியன்' நம்மூர் அரசியல் மேடைச் சொல் அல்ல. ஐரோப்பியர் 19-ம் நூற்றாண்டில் கட்டிய இனக் கோட்பாடும் அல்ல. அந்தப் பொருளை ஏற்றிப் படித்தால் கல்வெட்டே கோணலாகிவிடும்.

ஆனால் தாரியஸ் தம் அரசுக்கு 'ஆரிய நாடு' என்று பெயர் வைக்கவில்லை. தம்மை 'நாடுகளின் அரசன்' என்றுதான் சொல்கிறார். எத்தனை நாடுகள் என்று கேட்பவருக்கு, 'என் அரியணையைச் சுமப்போரின் உருவங்களைப் பார்' என்பதே கல்வெட்டின் பதில். மேலே 30 பேர் கைகளை உயர்த்தி அரியணை மேடையைத் தாங்கி நிற்கிறார்கள். 'இவன் பாரசீகன்', 'இவன் மேதியன்' (வடமேற்கு ஈரானைச் சேர்ந்தவன்) என்று ஆளுக்கொரு குறிப்பு உண்டு. சிந்துப் பகுதிக்காரனும் அதில் இருக்கிறான். ஆளும் பாரசீகனும் மற்றவர்களோடு சேர்ந்து சுமக்கிறான் என்பதுதான் என்னை அங்கே நிறுத்துகிறது.

இனப்பெயர் அரசின் பெயரானது 700 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, சசானியர் என்ற பிற்கால அரச மரபின் காலத்தில். கி.பி. 224-ல் ஆட்சியைப் பிடித்த அர்தஷீர் தம் காசுகளில் 'ஈரானியரின் அரசர்க்கரசர்' என்று பொறித்தார். அவர் மகன் முதலாம் ஷாப்பூர், அதே நக்‌ஷ்-இ-ருஸ்தமில் மூன்று மொழிகளில் வெட்டிய கல்வெட்டில், தம்மை 'ஈரான்ஷஹ்ர்' நாட்டின் தலைவன் என்கிறார். 'ஷஹ்ர்' இன்றைய பாரசீகத்தில் நகரம். அன்று அதற்கு ஆட்சி, அரசு என்று பொருள். வடமொழி 'க்ஷத்ர'த்துக்கு உடன்பிறப்பு. மாகாண ஆளுநரைக் குறித்த 'சத்ரப்' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். 'அரசைக் காப்பவன்' என்று பொருள். குஜராத்தை ஆண்ட ருத்ரதாமனின் மரபு 'க்ஷத்ரபர்' எனப் பெயர் பெற்றது இப்படித்தான்.

கேள்வி: சைரஸின் களிமண் உருளை உலகின் முதல் மனித உரிமைச் சாசனமாமே?

பதில்: இல்லை. பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸ், கி.மு. 539-ல் பாபிலோனைப் பிடித்தபின் அந்நகர வழக்கப்படி, பாபிலோனிய மொழியில் எழுதிய அரச அறிவிப்பு அது. உருளையின் நீளம் ஏறத்தாழ 22 செ.மீ.; 1879-ல் கிடைத்தது. சைரஸ் அதில் தம் முன்னோரை அன்ஷான் (இன்றைய ஃபார்ஸிலிருந்த பழைய நகரம்) அரசர்கள் என்கிறார்; போற்றுவது பாபிலோன் தெய்வமான மர்துக்கை. இணையத்தில் சுற்றும் மொழிபெயர்ப்பில் பாரசீகத் தெய்வமான அகுரமஸ்தாவின் பெயரோ, அடிமை முறை ஒழிப்போ இருந்தால் அது போலி. பிற கோயில்களின் தெய்வத் திருமேனிகளைத் திருப்பி அனுப்பியதாகவும், மக்களை அவரவர் ஊரில் குடியேற்றியதாகவும் உண்மையிலேயே எழுதியிருக்கிறது. அதுவே பெரிய செய்தி.

கேள்வி: இத்தனை மொழிக்காரரை அகாமனிய அரசர்கள் எப்படி நிர்வகித்தார்கள்?

பதில்: தங்கள் மொழியைத் திணிக்காமல். அவர்களுடைய தலைநகர்களில் ஒன்றான பெர்செபோலிஸில் 1933-34-ல் தோண்டியெடுத்த ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகளில் பெரும்பாலானவை தென்மேற்கு ஈரானின் பழைய மொழியான எலாமியத்தில் உள்ளன. பேரரசின் தூர மாகாணங்களுக்குக் கடிதம் போனது மேற்காசியாவில் பரவியிருந்த அரமேய மொழியில். முத்திரையிட்ட ஆணையோடு வரும் பயணிக்கு வழித்தங்கலில் மாவும் மதுவும் அளந்து கொடுத்து, யாருக்கு, எவ்வளவு, யார் ஆணைப்படி என்று எழுதி வைத்தார்கள். சிந்துப் பகுதிக்குப் போய் வந்தவர்களின் படிக்கணக்கும் அந்த ஏடுகளில் இருக்கிறது.